"ரத்தம் எடுக்கிற வேலைதானே?" என்று கேட்கும் மாமாவுக்கும் சேர்த்து

உங்கள் கேள்வியை முதலில் எனக்குப் புரிந்தபடி சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்திருக்கிறீர்கள், உயிரியல் பிரிவு, 600-க்கு 498. எம்.பி.பி.எஸ். இந்த மதிப்பெண்ணுக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. பி.எஸ்சி. எம்.எல்.டி., அதாவது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டப் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிறீர்கள். மாமா, "ரத்தம் எடுக்கிற வேலைதானே, அதற்கு எதற்கு நாலு வருஷம், டி.எம்.எல்.டி. ரெண்டு வருஷம் போதாதா?" என்கிறார். (டி.எம்.எல்.டி. அதே துறையின் டிப்ளமோ.) தோழியோ, "எல்லாம் மெஷின் பண்ணிடுது, பத்து வருஷத்தில் ஆளே வேண்டாம்" என்கிறாள். வேலை, சம்பளம், வெளிநாடு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மாமாவும் தோழியும் கேட்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. ரத்தத்தை எடுத்து மெஷினில் வைத்தால் எண் வந்துவிடுகிறது, நடுவில் படித்த ஆள் ஒருவர் எதற்கு? இதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நான் பி.எஸ்சி. எம்.எல்.டி. படித்துவிட்டு இருபத்து நான்கு வருடமாக மருத்துவமனை லேபில் இருக்கிறேன். கடைசி ஒன்பது வருடமாக இன்டர்ன்ஷிப் வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. ஆராய்ச்சி நிறுவனத்திலோ வெளிநாட்டிலோ நான் வேலை பார்த்ததில்லை. அந்த விஷயங்களில் என்னிடம் படித்துவிட்டுப் போனவர்கள் சொன்னதைத்தான் சொல்ல முடியும். தமிழ்நாட்டு நிலவரம் மட்டுமே எனக்கு நன்றாகத் தெரியும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், மழைக்காலம், டெங்குப் பயம் ஊரெல்லாம். லேபில் ஊதா மூடி டியூப் மலைபோல் குவிந்திருந்தது. காய்ச்சலோடு வந்த ஒரு பாட்டியின் சாம்பிளை மெஷினில் விட்டேன். பிளேட்லெட் 32,000 என்று வந்தது. சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறை ஓட்டினேன், 34,000. இரண்டு முறையும் ஒத்துப்போகிறதே என்று ரிப்போர்ட் எழுதி வார்டுக்கு அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் பாட்டியின் மகன் பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடிப் பதறிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளே வந்த சீனியர் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "ஸ்மியர் பார்த்தியா?" பார்க்கவில்லை. அவரே ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். ஸ்மியரின் வால் பக்கம் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக, பாகில் ஒட்டிய எள் மாதிரி, அப்பிக்கிடந்தன. பாட்டியிடம் மறுபடி போய், இந்த முறை நீல மூடி சிட்ரேட் டியூபில் ரத்தம் எடுத்துவந்து ஓட்டினோம். 1,62,000. அந்த டியூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம் இருப்பதால், நீர்த்துப்போனதைச் சரிக்கட்ட 1.1-ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 1,78,000. பாட்டிக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சல்.

மெஷின் பழுதாகவில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ரத்த அணுக்களை எண்ணும் கருவிகளில் பெரும்பாலானவை வாலஸ் கோல்ட்டர் 1953-ல் காப்புரிமை பெற்ற முறையின் வாரிசுகள். மின்சாரம் ஓடும் திரவத்தில் ஒரு நுண்ணிய துளை. அணு ஒன்று அதன் வழியாகப் போகும்போது மின்தடை ஒரு கணம் கூடும். எத்தனை முறை கூடுகிறதோ அத்தனை அணுக்கள், எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பெரிய அணு. பத்து பிளேட்லெட் ஒட்டிக்கொண்டு ஒரே கொத்தாகப் போனால், மெஷினுக்கு அது ஒரு பெரிய பொருள். பிளேட்லெட் கணக்கில் சேராது, சமயத்தில் வெள்ளணு கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிலருடைய ரத்தத்தில், ஊதா மூடி டியூபில் இருக்கும் இ.டி.டி.ஏ. என்ற உறைதடுப்பு ரசாயனம் பட்டால் மட்டும் பிளேட்லெட்டுகளை ஒட்டவைக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். உடம்புக்குள் எந்தக் கோளாறும் இருக்காது. கொத்து உருவாவதே டியூபுக்குள்தான். இரண்டாம் முறை ஓட்டினாலும் அதே தப்பான எண்தான் வரும் என்பது இரண்டாவது வருடத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

மாமாவுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். எண்ணைக் கொடுப்பது மெஷின். அந்த எண்ணை நம்பலாமா, வெளியே அனுப்பலாமா என்று முடிவு செய்வது ஆள். நாலு வருடத்தில் சொல்லிக்கொடுப்பது, அல்லது சொல்லிக்கொடுக்க வேண்டியது, அந்தச் சந்தேகப்படும் பழக்கத்தைத்தான். இன்னொரு பக்கமும் இருக்கிறது. லேபில் நடக்கும் தப்புகளில் பெரும்பகுதி சாம்பிள் மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆள் மாறி எடுப்பது, டியூப் மாறுவது, டிரிப் ஏறுகிற கையிலேயே எடுப்பது, கையில் கட்டும் பட்டையான டூர்னிகேயை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டுவது, சாம்பிளை வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது. ஆகவே, "ரத்தம் எடுக்கிற வேலைதானே" என்று மாமா எதை இளப்பமாகச் சொல்கிறாரோ அதுவே இந்த வேலையில் அதிகம் தப்பு நடக்கும் இடம்.

டியூப் மூடிகளின் நிறத்தை முதல் வருடத்தில் பிள்ளைகள் பாட்டுப் போட்டு மனப்பாடம் செய்வார்கள். காரணம் புரிவதற்கு ஒரு ராத்திரி டியூட்டி தேவைப்படும். போன வருடம் ஒரு இன்டர்ன் பெண் என்னை எழுப்பினாள். "சார், பொட்டாசியம் 9.2 வருது." நார்மல் 3.5-இலிருந்து 5 வரை. 9.2 என்றால் இதயம் நிற்கப்போகிற கணக்கு. நான் எதுவும் சொல்வதற்கு முன் அவளே, "கால்சியமும் போட்டுப் பார்த்தேன் சார், 3.8 தான் இருக்கு" என்றாள். எனக்குத் தூக்கம் கலைந்தது, சந்தோஷத்தில். வார்டுக்குப் போன் செய்தோம். நோயாளி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த நர்ஸ், ஊதா டியூபில் ரத்தம் அதிகமாகிவிட்டது என்று கொஞ்சத்தைச் சிவப்பு டியூபில் ஊற்றியிருந்தார். ஊதா டியூபில் இருப்பது இ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும். கூடவே தன் பொட்டாசியத்தையும் கலந்துவிடும். பொட்டாசியம் ஏறி, கால்சியம் அதலபாதாளத்துக்கு இறங்கினால், டியூபைச் சந்தேகப்படு. அந்தப் பெண் இரண்டாம் வருட உயிர்வேதியியல் வகுப்பில் தூங்காமல் இருந்திருக்கிறாள். அந்த ரிப்போர்ட் அப்படியே போயிருந்தால், பொட்டாசியத்தை இறக்குவதற்கு இன்சுலின் போட ஆரம்பித்திருப்பார்கள்.

இது போல நிறைய இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணு உடைந்து, சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம், ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல இருபது மடங்குக்கு மேல். அது கொட்டினால் எண் பொய்யாக ஏறும். சர்க்கரைக்கு எடுத்த ரத்தத்தைச் சாம்பல் மூடி ஃபுளோரைடு டியூபில் போடாமல், சீரத்தைப் பிரிக்காமலும் வைத்திருந்தால், டியூபுக்குள்ளேயே அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஐந்திலிருந்து ஏழு சதவீதம் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கிராமத்து முகாமில் காலை ஏழு மணிக்கு எடுத்த சாம்பிள் மதியம் வந்து சேர்ந்தால் சர்க்கரை நோயாளிகூட நல்லவராகத் தெரிவார்.

மெஷின் என்பது கடைசிப் படி என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி, பாலியல் தொழிலாளர்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதிக்கும் எலைசா வசதி அப்போது வேலூர் சி.எம்.சி.யில்தான் இருந்தது. சென்னையில் சீரத்தைப் பிரித்து, தன் வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தி, பிறகு வேலூருக்குக் கொண்டுபோனார். அவர் மருத்துவர், எம்.எல்.டி. படித்தவர் அல்லர். ஆனால் அந்தக் கதையில் பாதி, சாம்பிளைக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்த்த கதை. எலைசாவைப் படிக்கும்போது இதை நான் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்வேன்.

சரி, படிப்புக்கு வருவோம். மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப் என்பது பொதுவான அமைப்பு. முதலில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். அப்புறம் நோயியல், ரத்தவியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், ரத்த வங்கி, திசுக்களை வெட்டிச் சாயமேற்றும் ஹிஸ்டோபேதாலஜி. பாடங்கள் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடத்தோடு நிறைய ஒட்டிப்போகும். கடினமா என்றால், பள்ளியில் உயிரியலை விட வேதியியலில் தடுமாறியவர்கள்தான் இங்கே அதிகம் சிரமப்படுகிறார்கள். நீர்த்தல் கணக்கு, மோலாரிட்டி, ஒளி உறிஞ்சல் எல்லாம் தினமும் வரும். கணக்கு என்றாலே ஓடுகிற ஆள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

பிராக்டிகலில் பழைய முறைகளையே பெரும்பாலும் கையால் செய்யச் சொல்வார்கள். கட்டம் போட்ட கண்ணாடித் தகடான நியூபர் சேம்பரில் வெள்ளணு எண்ணுவது, பாக்டீரியாவை வகை பிரிக்க 1884-லிருந்து வரும் கிராம் சாயம், சளியில் காசநோய்க் கிருமி தேடும் சீல்-நீல்சன் சாயம். "மெஷின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பையன் கேட்பான். மெஷின் உளறும்போது பிடிப்பதற்குத்தான். சேம்பரில் கண்வலிக்க எண்ணியவனுக்கு மட்டும்தான் மெஷின் எதை எண்ணுகிறது, எதைத் தவறவிடுகிறது என்று புரியும்.

சலிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. இந்த வேலையில் சலிப்பு நிஜம். காசநோய்க்கு ஸ்மியர் பார்த்து "நெகட்டிவ்" என்று எழுத வேண்டுமானால் நூறு புலங்களை, அதாவது மைக்ரோஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டங்களை, நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்க வேண்டும். நீலப் பின்னணியில் ஒரு சிவப்புக் குச்சி எங்காவது கிடக்கிறதா என்று. பெரும்பாலும் கிடக்காது. இருபதாவது ஸ்லைடில் கண் தானாக வேகமெடுக்கும், அங்கேதான் தவறும். காலையில் நோயாளி சாம்பிளைத் தொடுவதற்கு முன்னால் கன்ட்ரோல், அதாவது விடை முன்பே தெரிந்த சாம்பிளை ஓட்டி, லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் புள்ளி வைக்க வேண்டும். 1950-ல் வந்த முறை, இன்னும் உயிரோடு இருக்கிறது. புள்ளி நடுக்கோட்டிலிருந்து மூன்று திட்டவிலக்கத்துக்கு வெளியே போனால் ரிப்போர்ட்டை நிறுத்த வேண்டும். அதைவிட நுட்பமானது, தொடர்ந்து பத்து நாள் புள்ளி ஒரே பக்கமாக, ஆனால் எல்லைக்குள்ளேயே விழுவது. ஒவ்வொரு நாளும் தனியாகப் பார்த்தால் எல்லாம் நார்மல். பத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஏதோ மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது: பல்பு மங்குகிறதோ, சோதனை ரசாயனமான ரீஏஜென்ட் கெடுகிறதோ. தினமும் வீட்டு வாசலில் ஒரே கோலத்தைப் போட்டாலும் புள்ளி ஒன்று தள்ளிப்போனால் சிலருக்கு உடனே உறுத்தும். அந்த உறுத்தல் உங்களுக்கு உண்டென்றால் இந்த வேலை பிடிக்கும்.

ரத்த வங்கி எனக்குப் பிடித்த இடம். அங்கே நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், ரத்த வகையை இரண்டு பக்கமிருந்தும் பார்ப்பது. நோயாளியின் அணுக்களோடு ஆன்டி-ஏ, ஆன்டி-பி சேர்த்துப் பார்ப்பது ஒரு பக்கம். அவருடைய சீரத்தோடு தெரிந்த அணுக்களைச் சேர்த்துப் பார்ப்பது மறுபக்கம். அதில் ஓ அணுக்களையும் சேர்க்கச் சொல்வார்கள். ஓ அணு யாரோடும் சேர்ந்து திரளக் கூடாதே, எதற்கு வீணாக ஒரு டியூப் என்று தோன்றும். 1952-ல் மும்பையில் டாக்டர் பெண்டே குழு விவரித்த பாம்பே வகைக்காக. முதல் பக்கச் சோதனையில் அவர்கள் ஓ மாதிரியே இருப்பார்கள். ஆனால் மறுபக்கத்தில் அவர்கள் சீரம் ஓ அணுவையும் திரட்டிவிடும். ஓ ரத்தத்தையே அவர்கள் உடல் ஏற்காது, ஏற்றினால் உயிருக்கு ஆபத்து. இந்தியாவில் சுமார் பத்தாயிரத்தில் ஒருவர். நான் இருபத்து நான்கு வருடத்தில் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது ஆள் என்றைக்கு வருவார் என்று தெரியாததால், தினமும் அந்த "வீண்" டியூபைப் போடுகிறோம்.

இனி டி.எம்.எல்.டி.யா, பட்டமா என்பது. எனக்கு ஸ்மியர் கற்றுக்கொடுத்த அந்த அக்கா டி.எம்.எல்.டி.தான். கைத்திறனில் பட்டதாரிகளைத் தூக்கிச் சாப்பிடும் டிப்ளமோக்காரர்கள் எக்கச்சக்கம். இரண்டு வருடத்தில் வேலைக்குப் போயே ஆக வேண்டிய வீட்டு நிலைமை என்றால், நல்ல இடத்தில் டி.எம்.எல்.டி. படிப்பது மோசமான இடத்தில் பட்டம் படிப்பதை விட மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மேற்படிப்பு, லேபில் தரப் பொறுப்பு, கற்பித்தல், வெளிநாடு என்ற கதவுகள் பெரும்பாலும் பட்டத்தைக் கேட்கின்றன. அரசு வேலை உங்கள் மனதில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் லேப் டெக்னீஷியன் பணியிடங்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., நிரப்புகிறது. அறிவிப்பில் எந்தச் சான்றிதழை, எந்த நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் தகுதி. பட்டம் பெரியது, சின்னது தானாக அதற்குள் அடங்கும் என்று நினைத்து விண்ணப்பிக்கக் கூடாது. சேர்வதற்கு முன்பே பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

சட்டப் பக்கமும் மாறிக்கொண்டிருக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் துறையினருக்கான தேசிய ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பட்டியலில் முதல் பிரிவே மருத்துவ ஆய்வகத் துறைதான். மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் இருப்பது போலப் பதிவேடு, நாடு முழுக்க ஒரே மாதிரிப் பாடத்திட்டம் என்பது அதன் நோக்கம். சட்டம் வந்தது உறுதி. அது எவ்வளவு சீக்கிரம் சம்பளத்திலும் மரியாதையிலும் தெரியும் என்பது என் ஊகத்துக்கு அப்பாற்பட்டது. ஒன்று மட்டும் நிச்சயம்: பதிவு என்று வந்தபின் அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய சான்றிதழுக்கு மதிப்பு இன்னும் குறையும்.

அதனால் எந்தப் படிப்பு என்பதை விட எந்தக் கல்லூரி என்பதில் அதிக நேரம் செலவிடுங்கள். அரசுக் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடத்துகிறது. நீட் தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கட்டடம் பழசாக இருக்கும், கழிப்பறையைப் பற்றிப் பேச வேண்டாம், ஆனால் சாம்பிள் இருக்கும். மலேரியா, லெப்டோ என்ற எலிக்காய்ச்சல், ரத்தப் புற்று, பாம்புக்கடி எல்லாம் அங்கே வந்து சேரும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களுக்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு முறை. அவர்களுடைய உயிர்வேதியியல் துறை நடத்தும் வெளித் தரச் சோதனைத் திட்டத்தில்தான் நாடு முழுக்க ஏராளமான லேபுகள் மாதாமாதம் தங்களைச் சரிபார்த்துக்கொள்கின்றன.

தனியார் கல்லூரி என்றால், அலுவலகத்தில் கொடுக்கும் வழவழ கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வேலை நாளில் காலை எட்டு மணிக்கு அவர்களுடைய மருத்துவமனை லேப் வாசலில் போய் நில்லுங்கள். வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையே இல்லை என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். இருந்தால், மூன்றாம் வருடம் படிக்கும் யாரையாவது கேண்டீனில் பிடித்து, "இதுவரை எத்தனை பேருக்கு நீங்களே ரத்தம் எடுத்திருக்கிறீர்கள்? கிருமி வளர்க்கும் கல்ச்சர் பிளேட்டை நீங்கள் படிப்பீர்களா, காட்டுவார்களா? ரத்த வங்கியில் ராத்திரிப் போஸ்டிங் உண்டா?" என்று கேளுங்கள். "காட்டுவாங்க" என்ற சொல் இரண்டு தடவைக்கு மேல் வந்தால் அந்த இடம் வேண்டாம். இன்டர்ன்ஷிப்புக்கு ஸ்டைபண்ட் உண்டா, அல்லது பிள்ளைகளைச் சம்பளமில்லாத ஆளாக ரிசப்ஷனில் உட்காரவைக்கிறார்களா என்றும் கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன், வேறொரு இடத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் முழுக்க பார்கோடு ஒட்டியிருக்கிறான். பார்கோடு நன்றாகவே ஒட்டுவான்.

சம்பளம். மழுப்பாமல் சொல்கிறேன், ஆரம்பம் குறைவு. நான் பார்த்த பிள்ளைகள் சின்ன லேபில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரத்தில் தொடங்குகிறார்கள். பெரிய மருத்துவமனையில் கொஞ்சம் மேலே. முதல் மூன்று வருடம் உங்களோடு படித்த வேறு துறைக்காரர்களைப் பார்த்து வயிறெரியும். அதற்குப் பிறகு ஏறுவது நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மருத்துவ லேபுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரத்தைக் கற்றுக்கொண்டு, லேபுகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகார வேலைக்குப் போனவர்கள், அனலைசர் கம்பெனிகளில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர்கள், எம்.எஸ்சி. முடித்து மூலக்கூறு சோதனை, கருவியல், மரபணுப் பக்கம் போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு, பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் என்று மூன்று வேலியைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அமெரிக்கா நினைப்பிருந்தால் அந்நாட்டு நோயியல் சங்கமான ஏ.எஸ்.சி.பி.யின் சர்வதேசத் தேர்வு, பிரிட்டன் என்றால் அந்நாட்டுச் சுகாதாரத் தொழில் மன்றமான எச்.சி.பி.சி.யில் பதிவு. இவை என் மாணவர்கள் வாயிலாகத் தெரிந்தவை. போகும் நேரத்தில் அந்தந்த அமைப்பின் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"படித்துவிட்டுச் சொந்தமாக லேப் வைக்கலாமே" என்று அடுத்து யாராவது சொல்வார்கள். லேபை நடத்துவது வேறு, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது வேறு. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர் நோயியலில் முதுநிலை படித்த, பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும் என்றது. பிறகு மத்திய அரசு விதிகளில் அடிப்படை லேபுகளுக்குச் சில தளர்வுகள் வந்தன. ஆனாலும் மருத்துவர் இல்லாமல் தனியாக லேப் நடத்தலாம் என்ற கனவோடு இந்தப் படிப்புக்கு வர வேண்டாம். இதில் எங்கள் ஆட்களிடையே கசப்பு உண்டு, எனக்கும் உண்டு. எனினும் நிலைமை அதுதான்.

கடைசியாக, தோழி சொன்ன மெஷின். கோல்ட்டர் கருவி வந்தது ஐம்பதுகளில், ரத்த வேதியியலைத் தானே செய்யும் ஆட்டோ அனலைசரும் அதே ஐம்பதுகளில். அப்போதும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். நடந்தது என்னவென்றால், சோதனை மலிவானது, டாக்டர்கள் அதிகம் சோதனை எழுத ஆரம்பித்தார்கள், லேப் பெரிதானது. 2020-ல் கொரோனா வந்தபோது பி.சி.ஆர். மெஷினை வாங்கிவிட முடிந்தது, அதன் முன்னால் உட்காரத் தெரிந்த ஆளைத் தேடித்தான் மாவட்டம் மாவட்டமாக அலைந்தார்கள். அதற்காக எதுவும் மாறாது என்று நான் சொல்லவில்லை. ஸ்லைடைப் படமெடுத்து வெள்ளணுக்களை வகை பிரித்து வைக்கும் கருவிகள் வந்துவிட்டன. சாதாரண ஸ்மியரை அவை என்னை விட வேகமாகப் பார்க்கும். பட்டன் அமுக்குவது, டியூப் ஏற்றுவது போன்ற வேலைகள் குறையும் என்பது என் கணிப்பு. எவ்வளவு, எப்போது என்பதை இன்று யார் உறுதியாகச் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். பாட்டியின் ரத்தத்தைப் பார்த்து இந்த 32,000 சரியில்லை என்று சந்தேகப்படும் வேலைக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆள் வேண்டும் என்றே நினைக்கிறேன். இன்றைய மெஷின்கள் கொத்து இருக்கலாம் என்று கொடி காட்டும். கொடியைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் ஸ்மியர் போடுவது யார்?

ராத்திரி டியூட்டி வரும், தீபாவளியன்று டியூட்டி வரும், வீட்டில் இதை முன்பே சொல்லி வையுங்கள். ஊசி குத்திக்கொள்ளும் அபாயமும் உண்டு. நோய்த்தொற்று உள்ளவரின் ஊசி குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி அதைப் போலப் பல மடங்கு, 30 சதவீதம் வரை. குத்தினால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தப்பினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியோ மூன்று தவணை, முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். குழந்தையில் போட்டிருந்தால் அட்டையைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் கலந்தாய்வு முடிவு வரும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வருடம் முடிந்து வார்டில் ரத்தம் எடுக்க அனுப்பும்போது மூன்றும் முடிந்திருக்கும்.